ஏழு அடி

கோடுகளை முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.
கண்ணில் படும் விளிம்புக்கு அழுத்தமான கோடு.
மறைந்திருப்பதற்கு விட்டு விட்டு.
நடு அச்சுக்கு நீளம், குட்டை, நீளம்,
மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிறவர் மாதிரி.

காலையில் கணக்கும் வரலாறும்.
மதியம் பேருந்து பிடித்துத் தொழிற்பள்ளி.
ஈரி ஏரியில் புறப்பட்ட காற்று
எங்கள் அறை ஜன்னலை வந்து உலுக்கும்.
பக்கத்து அறையில் வெல்டிங்.
சுவர் வழியே கருகல் வாடை வரும்,
"படம் போடுற பசங்க" என்று கிண்டலும் வரும்.
நாங்கள் வரையாமல் நீங்கள் எதை ஒட்டுவீர்கள் என்று
ஹாலிஸ் வ்ராபெல் ஒருநாள் கதவைத் திறந்து கேட்டான்.
அப்புறம் கிண்டல் குறைந்தது.
சக்கர நாற்காலியில் இருக்கிறான் என்பதால் அல்ல,
அவன் குரல் அப்படி.

பிப்ரவரியில் பயிற்சி:
பள்ளிக்குள் ஏதாவது ஒன்றை அளந்து வரை.
மரிபெல் ஒரு லாக்கர் கதவை எடுத்துக்கொண்டாள்,
நான் பின்வாசல் சாய்தளத்தை.
ஹாலிஸ் தினமும் அங்கே பாதியில் நின்று
ஒரு கெட்ட வார்த்தை சொல்வான்.
"ரொம்பச் செங்குத்து" என்பான்.
"உன் கையில் வலு இல்லை" என்பேன் நான்.

அலுவலகத்தில் பழைய வரைபடம் கிடைத்தது.
உயரம் இருபத்தெட்டு அங்குலம்,
நீளம் இருபத்தெட்டு அடி.
பன்னிரண்டுக்கு ஒன்று. விதியும் அதுதான்.
ஓரத்தில் பெரிய எழுத்தில் ஒரு கட்டளை:
படத்தின் மேல் ஸ்கேல் வைக்காதே,
எழுதிய எண்ணை நம்பு.

பனியில் மண்டியிட்டு
நாடாவின் நுனியைப் பிடித்தாள் மரிபெல்.
இருபத்தொன்று.
மறுபடி.
இருபத்தொன்று.
குளிரில் நாடா சுருங்கியிருக்கும் என்றேன்.
"ஏழு அடியா சுருங்கும்?"
அப்படிச் சுருங்கினால் நாடா நீளம் கூடுதலாகத்தானே காட்டும் என்று
பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் தோன்றியது.

திரையில் கோடு முதலில் நீலம்.
எண் கொடுத்துக் கட்டிப்போட்டால் கருப்பு.
மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.
இருபத்தெட்டு என்று தட்டினேன்.
கோடு உடனே கருத்தது.
ஒரு முனகல்கூட இல்லை.
பொய் எண்ணுக்கும் மெய் எண்ணுக்கும்
அதனிடம் இருப்பது ஒரே கருப்பு.

பிளாட்டர் நாக்கை நீட்டுவதுபோல்
தாளை நீட்டியது.
ஹாலிஸ் மடியில் விரித்துப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"அழகா இருக்கு.
இந்தச் சாய்தளம் எந்தப் பள்ளியில இருக்கு?"

மறுநாள் மண்வாரியோடு போனோம்.
சாய்தளம் முடிகிற இடத்தில் பனிக்கடியில்
குப்பைத் தொட்டி நிற்க ஒரு கான்கிரீட் மேடை.
வரைபடத்தில் இல்லாத மேடை.
காணாமல்போன ஏழு அடியின் மேல்
சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

திரும்ப வரைந்தேன்.
இருபத்தொன்று. ஒன்பதுக்கு ஒன்று.
அந்த ஏழு அடியை மட்டும்
விட்டு விட்டுக் கோட்டில் போட்டிருந்தேன்.
திருமதி பெட்ராகிஸ் சிவப்பில் அடித்து எழுதினார்:
"மறைந்திருப்பது வேறு, இல்லாதது வேறு."
அழித்தேன்.
அந்த இடம் வெறும் தாளாக இருந்தது.

மூலைக் கட்டத்தில் என் பெயர், தேதி, திருத்தம் இரண்டு.
சரிபார்த்தவர் என்ற கோட்டின் மேல்
யாரும் கேட்காமலே
ஹாலிஸ் கையெழுத்துப் போட்டிருந்தான்,
கோணலாக, கட்டத்தைத் தாண்டி.
ஆசிரியர் அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தார்.
யாருக்குக் குறைத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

தாள் அலுவலகத்துக்குப் போயிற்று.
மேலிடத்துக்கும் போயிருக்கிறது என்கிறார்கள்.
ஏப்ரல் வந்துவிட்டது, பனி கரைந்துவிட்டது,
மேடை அங்கேயே இருக்கிறது.
ஹாலிஸ் இன்னும் பாதியில் நிற்கிறான்.
கெட்ட வார்த்தை மட்டும் மாறிவிட்டது.
"ஒன்பதுக்கு ஒன்று!" என்று கத்துகிறான்.
விரலைச் சுட்டுக்கொள்ளும்போதெல்லாம்
வெல்டிங் பசங்களும் இப்போது
அதையே கத்துகிறார்கள்.